திமிங்கலம் நடந்த காலம்

ஆயா கேட்ட கேள்வி

கோலார் தங்க வயல். சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியில் ஒரு லைன் வீடு. மாலை நேரம். வாசலில் உட்கார்ந்து ஆயா புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

ஆயா சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகுதான் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றார். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை வைத்து, மெல்ல மெல்லப் படிப்பார். அன்று அவர் கையில் இருந்தது பேத்தி நூலகத்தில் இருந்து எடுத்து வந்த அறிவியல் புத்தகம்.

ஒரு வரி வந்ததும் ஆயாவின் விரல் நின்றது. திமிங்கலத்தின் முன்னோர் தரையில் நான்கு கால்களால் நடந்தன என்று அதில் எழுதியிருந்தது. ஆயா அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டார்.

"ஏன் பாப்பா, திமிங்கலத்துக்குக் கால் இருந்துச்சாமே? அதை யார் பார்த்தாங்க?"

"யாரும் பார்க்கல ஆயா. அதோட எலும்பு பூமிக்குள்ள கல்லா மாறிக் கிடக்குது. அதைத் தோண்டி எடுத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க."

ஆயா திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் தாத்தா டீ குடித்துக்கொண்டிருந்தார். தாத்தா முப்பது ஆண்டுகள் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரை பூமிக்குள் இறங்கியவர்.

"உங்க தாத்தா முப்பது வருஷம் பூமிக்குள்ள இறங்கினாரு. உலகத்துலயே ஆழமான சுரங்கத்துல இதுவும் ஒண்ணுன்னு சொல்லுவாரு. ஒரு மீன் முள்ளு கிடைச்சுதுன்னு கூட ஒரு நாளும் சொன்னதில்லையே!"

தாத்தா சிரித்தார். "தங்கம் பார்த்திருக்கேன். தங்கம் இருக்கிற வெள்ளைக்கல் பார்த்திருக்கேன். எலும்பு மட்டும் பார்த்ததே இல்ல."

ஆயா கேட்டது நல்ல கேள்வி. பூமிக்குள் எலும்பு கிடைக்கும் என்றால், மூன்று கிலோமீட்டருக்கு மேல் தோண்டிய கோலாரில் ஏன் கிடைக்கவில்லை? வேறு எங்கே கிடைத்தது? அதை வைத்துத் திமிங்கலம் நடந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்தப் பாடத்தில் இவற்றுக்கு விடை இருக்கிறது.

கோலார்ப் பாறையின் வயது

தாத்தா வீட்டுக்குள் போய் ஒரு கல்லை எடுத்து வந்தார். உள்ளங்கை அளவுக் கல். கறுப்பு நிறம். நடுவே நரம்பு போல ஒரு வெள்ளைக் கோடு. சுரங்கத்தில் வேலை பார்த்ததன் நினைவாக அதை வைத்திருந்தார்.

அந்தக் கல்லின் வயது சுமார் 270 கோடி ஆண்டுகள்.

270 கோடி என்றால் எவ்வளவு? மனத்தில் நிறுத்துவது கடினம். அதற்கு ஒரு வழி உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3,200 மீட்டர். சுரங்க வாயில் இன்றைய நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தின் அடி, 270 கோடி ஆண்டுகளுக்கு முந்திய நாள். இப்போது கேஜ் என்னும் கூண்டில் ஏறி, மெல்லக் கீழே இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அடிதான் இறங்கியிருப்பீர்கள். மனித இனம் தோன்றிய காலம் வந்துவிடும். அது சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

60 மீட்டர் இறங்கினால் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காலம். திமிங்கலத்தின் முன்னோர் தரையில் நடந்தது அப்போதுதான்.

78 மீட்டர் இறங்கினால் டைனோசர் என்னும் பெரிய விலங்குகள் அழிந்த காலம். அது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

சுமார் 600 மீட்டர் இறங்கினால் முதுகெலும்புள்ள விலங்குகள் தோன்றிய காலம். அதற்குக் கீழே எலும்பு என்பதே உலகில் இல்லை. அதன் பிறகும் கேஜ் இன்னும் 2,600 மீட்டர் இறங்க வேண்டும்.

இது ஒரு கணக்குக்காகச் சொன்ன உவமை. உண்மையில் கோலார்ச் சுரங்கத்தின் பாறை மேலிருந்து கீழ் வரை மிகப் பழைய பாறைதான். அது உருவான காலத்தில் மீன் இல்லை, மரம் இல்லை, புல் கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே உலகில் இருந்தன. எலும்பே இல்லாத காலத்துப் பாறையில் எலும்பு எப்படிக் கிடைக்கும்?

இன்னொரு வியப்பும் உண்டு. கோலார்ப் பாறைகள் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை. இப்பகுதியில் பெத்தபள்ளி என்னும் இடத்தில் தலையணைகளை அடுக்கி வைத்தது போன்ற பாறைகள் இருக்கின்றன. எரிமலைக் குழம்பு தண்ணீருக்கு அடியில் வெளிவந்து உறைந்தால்தான் இந்த வடிவம் கிடைக்கும். இந்த இடத்தை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது.

அப்படியானால் கோலாரின் பாறை ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் பிறந்தது. தண்ணீர் இருந்தது. ஆனால் அதில் நீந்த ஒரு மீன் கூட இன்னும் பிறக்கவில்லை.

"அப்போ நான் இறங்கினது எலும்புக்கும் முந்தின காலத்துக்குள்ள" என்றார் தாத்தா. அந்தக் கல்லை ஆயாவின் கையில் வைத்தார். ஆயா அதைத் தடவிப் பார்த்தார்.

எலும்பு எப்படிக் கல்லாகிறது?

ஒரு விலங்கு ஆற்றங்கரையிலோ கடலோரத்திலோ செத்து விழுகிறது. சதை அழுகிப் போகிறது. எலும்பின் மேல் சேறும் மணலும் படிகின்றன. ஆண்டுக்கு ஆண்டு புதிய படிவு சேர்கிறது. அடியில் உள்ள சேறு அழுந்தி இறுகிப் பாறையாகிறது. நிலத்தடி நீரில் கரைந்துள்ள தாதுப் பொருள்கள் எலும்பின் நுண்ணிய துளைகளில் நிறைகின்றன. எலும்பு கல்லைப் போலக் கெட்டியாகிறது. ஆனால் அதன் வடிவம் மாறுவதில்லை. இதற்குப் புதைபடிவம் என்று பெயர்.

படிவுப் பாறைகள் ஒரு புத்தகம் போன்றவை. பழைய பக்கம் அடியில் இருக்கும். புதிய பக்கம் மேலே இருக்கும். எந்த உயிர் எந்தக் காலத்தில் வாழ்ந்ததோ, அந்தப் பக்கத்தில்தான் அதன் எலும்பைத் தேட வேண்டும்.

தமிழ்நாட்டின் அரியலூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். அந்தப் பாறைகள் கடலுக்கு அடியில் படிந்தவை. ஏராளமான கிளிஞ்சல்களும், சுருண்ட ஓடு கொண்ட கடல் உயிர்களும் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. ஆனால் திமிங்கலம் கிடைக்கவில்லை. ஏன்? அந்தப் பாறைகளில் பெரும்பாலானவை 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே படிந்துவிட்டவை. அப்போது திமிங்கலம் தோன்றவில்லை.

கோலாரின் பக்கம் மிகப் பழையது. அரியலூரின் பக்கம் சற்றே பழையது. திமிங்கலத்தின் கதையைப் படிக்க வேண்டுமானால் சுமார் 5 கோடி ஆண்டு வயதுள்ள பக்கத்தைத் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இருக்கிறது.

திமிங்கலம் மீன் அல்ல

அதற்கு முன்பு திமிங்கலத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

திமிங்கலம் கடலில் வாழ்கிறது. பார்ப்பதற்கு மீன் போல இருக்கிறது. ஆனால் அது மீன் அல்ல. அது குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. மாட்டைப் போல, ஆட்டைப் போல, மனிதரைப் போல அதுவும் ஒரு பாலூட்டி.

மீன் செவுள்களால் தண்ணீரில் உள்ள காற்றை எடுத்துக்கொள்ளும். திமிங்கலத்துக்குச் செவுள் இல்லை. நுரையீரல்தான் உண்டு. அதனால் அது மேலே வந்து மூச்சு விட்டே ஆக வேண்டும். எண்ணெய்த் திமிங்கலம் என்னும் வகை ஒரு கிலோமீட்டருக்கும் கீழே முங்கும். ஒரு மணி நேரம் வரை கூட மூச்சை அடக்கும். ஆனாலும் காற்றுக்காக மேலே வரும்.

தாத்தாவுக்கு இது எளிதில் புரிந்தது. "நாங்களும் அப்படித்தான். எவ்வளவு ஆழத்துல வேலை செஞ்சாலும் காத்து மேல இருந்துதான் வரணும்" என்றார். சுரங்கம் மனிதர் பிறந்த இடம் அல்ல. அதுபோலக் கடலும் திமிங்கலக் குலத்தின் பிறந்த வீடு அல்ல. அது தரையில் இருந்து போனது. போகும்போது நுரையீரலையும் உடன் கொண்டு போனது.

வேறு அடையாளங்களும் உண்டு.

மீன் வாலைப் பக்கவாட்டில் அசைத்து நீந்தும். திமிங்கலம் வாலை மேலும் கீழும் அசைக்கும். நாய் பாய்ந்து ஓடும்போது அதன் முதுகு மேலும் கீழும் வளைவதைப் பார்த்திருப்பீர்கள். அதே அசைவுதான் திமிங்கலத்துக்கும்.

திமிங்கலத்தின் பக்கத் துடுப்பைத் திறந்து பார்த்தால், உள்ளே தோள் எலும்பு, முன்கை எலும்பு, மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் இருக்கின்றன. உடலின் பின்பகுதியில், சதைக்குள் இரண்டு சிறிய இடுப்பெலும்புகள் இருக்கின்றன. அவற்றில் கால் இல்லை. ஓங்கில் என்னும் டால்பினும் திமிங்கல இனம்தான். அதன் கரு தாயின் வயிற்றில் வளரும்போது, முதலில் பின்னங்கால்களுக்கான சிறு மொட்டுகள் தோன்றுகின்றன. பிறகு அவை மறைந்துவிடுகின்றன.

ஆகவே கால் இருந்தது என்பதற்கு உயிருள்ள திமிங்கலத்தின் உடலே சாட்சி. ஆனால் கால் உள்ள திமிங்கலத்தை எங்கே காண்பது?

இமயத்துக்கு முன்பு ஒரு கடல்

இந்திய நிலம் ஒரு காலத்தில் ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. தெற்கே தனியாக இருந்தது. மெல்ல மெல்ல வடக்கு நோக்கி நகர்ந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசிய நிலத்தோடு மோதத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில் இருந்த கடலுக்கு டெத்திஸ் என்று அறிவியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மோதலில் அந்தக் கடல் குறுகியது. கடலடியில் படிந்த பாறை மடிந்து உயர்ந்தது. அதுதான் இமயமலை.

கடல் முழுவதும் மறையும் முன்பு, அதன் ஓரங்களில் ஆழமில்லாத நீர்ப்பரப்புகளும், ஆற்று முகத்துவாரங்களும், சேற்று நிலங்களும் இருந்தன. தரை விலங்கு தண்ணீரில் இறங்கிப் பழகுவதற்கு ஏற்ற இடம் அது. தண்ணீரில் இரை நிறைய. கரையில் பகை வந்தால் ஒளிந்துகொள்ளவும் தண்ணீர் உதவும். திமிங்கலத்தின் மிகப் பழைய எலும்புகள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

பெட்டிக்குள் இருந்த கற்கள்

ஜம்மு பகுதியில் காலாகோட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஏ. ரங்கா ராவ் என்னும் இந்திய நிலவியலாளர் புதைபடிவங்களைச் சேகரித்தார். கிடைத்த பற்களையும் தாடை எலும்புத் துண்டுகளையும் வைத்து, 1971இல் ஒரு விலங்குக்கு இண்டோஹையஸ் என்று பெயர் வைத்தார். அவர் கொண்டு வந்த கற்களில் பல உடைக்கப்படாமல் பெட்டிகளில் கிடந்தன. அவற்றை முழுவதும் ஆராயும் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

அவருடைய மனைவி அந்தக் கற்களைத் தூக்கி எறியவில்லை. பல ஆண்டுகள் காத்து வைத்திருந்தார். பிறகு ஹான்ஸ் தெவிசன் என்னும் ஆய்வாளரிடம் அவற்றைக் கொடுத்தார். தெவிசனின் ஆய்வுக்கூடத்தில் கல்லைச் செதுக்கி எலும்பை வெளியே எடுக்கும் வேலை நடந்தது. அப்போது தவறுதலாக ஒரு மண்டையோட்டின் காதுப் பகுதி உடைந்தது. உடைந்த துண்டைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

காதின் அடியில் கிண்ணம் போல ஓர் எலும்பு உண்டு. திமிங்கலங்களுக்கும் ஓங்கில்களுக்கும் அந்தக் கிண்ணத்தின் உட்பக்கச் சுவர் மிகவும் தடித்திருக்கும். இன்று வாழும் வேறு எந்த விலங்குக்கும் அப்படி இல்லை. ஆனால் காலாகோட்டில் கிடைத்த அந்தச் சிறு விலங்குக்கு அது இருந்தது!

இந்தச் செய்தி 2007 டிசம்பரில் வெளிவந்தது. இண்டோஹையஸ் பூனை அளவுள்ள விலங்கு. மெலிந்த நான்கு கால்கள். கால் நுனியில் குளம்பு. பார்ப்பதற்கு நம் காடுகளில் வாழும் சருகுமான் போல இருந்திருக்கும். அது வாழ்ந்தது சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

அதன் கால் எலும்புகளின் சுவர் தடிமனாக இருந்தது. நீர்யானைக்கும் எலும்பு இப்படித்தான் கனமாக இருக்கும். கனமான எலும்பு இருந்தால் தண்ணீருக்குள் மிதந்து தூக்கப்படாமல் அடியில் நடக்கலாம். பற்களைச் சோதித்தபோதும் அது தண்ணீரில் நிறைய நேரம் இருந்த விலங்கு என்று தெரிந்தது. ஆப்பிரிக்காவில் இன்றும் ஒரு வகைச் சருகுமான் இருக்கிறது. ஆபத்து வந்தால் அது ஓடையில் குதித்து முங்கிக்கொள்ளும். இண்டோஹையஸும் அப்படி வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இண்டோஹையஸ் திமிங்கலத்தின் நேரடி முன்னோர் அல்ல. நெருங்கிய உறவு. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் போல என்று சொல்லலாம்.

கச்சில் கிடைத்த எலும்புகள்

குஜராத் மாநிலத்தின் மேற்கு மூலையில் இருப்பது கச்சு. மழை குறைந்த வறண்ட நிலம். ஆனால் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அதன் பெரும்பகுதி ஆழமில்லாத கடல். அசோக் சாஹ்னி, வி. பி. மிஸ்ரா என்னும் இரண்டு இந்திய அறிஞர்கள் அங்கே பழைய திமிங்கலங்களின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். 1972இலும் 1975இலும் அவற்றைப் பற்றி எழுதினார்கள்.

பிறகு வந்த ஆய்வாளர்கள் தொடர்ந்து தேடினார்கள். 2000இல் சுனில் பாஜ்பாயும் தெவிசனும் ஒரு புதிய வகையை அறிவித்தார்கள். அதற்குக் கச்சிசீட்டஸ் என்று பெயர். கச்சின் திமிங்கலம் என்பது பொருள். நீண்ட மூக்கு, குட்டைக் கால்கள், நீண்ட வலிமையான வால். நீர்நாய் போல நீந்திய விலங்கு அது.

இமாசலப் பிரதேசத்தின் சுபாத்து பகுதியில் கிடைத்த ஒரு தாடைத் துண்டும் பழைய திமிங்கலத்தினுடையது. அதைப் பாஜ்பாயும் பிலிப் ஜிஞ்சரிச் என்பவரும் 1998இல் அறிவித்தார்கள். இன்று மலையாக இருக்கும் அந்த இடம் அன்று கடலோரம்.

கால் எங்கே போனது?

இந்தியாவிலும் பிற நாடுகளிலும் கிடைத்த எலும்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கதை விளங்கும்.

முதலில் பாகிசீட்டஸ். பாகிஸ்தானில் கிடைத்தது. 1981இல் பெயர் வைக்கப்பட்டது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. ஓநாய் அளவு. நான்கு கால்களும் நன்றாக நடக்கக் கூடியவை. ஆனால் காது திமிங்கலத்தின் காது.

அடுத்து ஆம்புலோசீட்டஸ். நடக்கும் திமிங்கலம் என்பது இதன் பொருள். இதுவும் பாகிஸ்தானில் கிடைத்தது. 1994இல் அறிவிக்கப்பட்டது. முதலையைப் போல ஆழமில்லாத நீரில் கிடந்து இரை பிடித்தது. பாதங்கள் பெரியவை. தரையில் தள்ளாடியாவது நடக்கும். தண்ணீரில் நன்றாக நீந்தும்.

அதன் பிறகு கச்சுத் திமிங்கலங்கள். கால்கள் இன்னும் குட்டை. வாழ்க்கை பெரும்பாலும் தண்ணீரில்.

கடைசியாகப் பாசிலோசாரஸ். எகிப்துப் பாலைவனத்தில் திமிங்கலப் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான பழைய திமிங்கலங்களின் எலும்புகள் மணலில் கிடக்கின்றன. யுனெஸ்கோ அதை 2005இல் உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது. பாசிலோசாரஸ் 15 மீட்டருக்கும் நீளமானது. முழுவதும் கடலில் வாழ்ந்தது. அதற்கும் பின்னங்கால்கள் இருந்தன என்று 1990இல் தெரியவந்தது. முட்டியும் விரலும் உள்ள மிகச் சிறிய கால்கள். அவ்வளவு பெரிய உடலை அவை தாங்க முடியாது. நடப்பதற்கு உதவாத கால்கள் அவை.

நடக்கும் காலில் தொடங்கி நடக்க உதவாத கால் வரை வந்தாயிற்று. இதற்கு ஆன காலம் சுமார் ஒரு கோடி ஆண்டுகள். மேலே சொன்ன சுரங்கக் கணக்கில் அது 12 மீட்டர்தான்.

இதே காலத்தில் மூக்குத் துளையும் இடம் மாறியது. முதலில் அது மூக்கின் நுனியில் இருந்தது. பிந்திய வகைகளில் சற்றுப் பின்னால் தள்ளியிருந்தது. இன்றைய திமிங்கலத்துக்கு அது தலையின் உச்சியில் இருக்கிறது.

கணுக்கால் சொன்ன சாட்சி

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. தரையில் வாழ்ந்த எந்தக் குடும்பத்தில் இருந்து திமிங்கலம் வந்தது? 2001இல் இதற்குத் தெளிவான விடை கிடைத்தது. அந்த ஆண்டில், பழைய திமிங்கலங்களின் கணுக்கால் எலும்புகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன.

சுரங்க வாயிலின் மேலே உயரமான இரும்புக் கோபுரம் நிற்பதைக் கோலார் மக்கள் அறிவார்கள். அதன் உச்சியில் பெரிய சக்கரம். அதன் பள்ளத்தில் ஓடும் கயிறுதான் கேஜை இறக்கும், ஏற்றும். கிணற்றுக் கப்பியும் இதே வடிவம்தான். ஆடு, மாடு, மான், பன்றி ஆகியவற்றின் பின்னங்கால் கணுவில் ஓர் எலும்பு உண்டு. அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கப்பி போன்ற பள்ளம் இருக்கும். இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கு மட்டுமே உரிய அடையாளம் அது. பழைய திமிங்கலங்களின் கணுக்காலிலும் அதே இரட்டைக் கப்பி எலும்பு இருந்தது.

இன்று வாழும் விலங்குகளின் மரபணுக்களை ஒப்பிட்டவர்களும் இதையே சொன்னார்கள். திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை. ஆடும் மாடும் தூரத்துச் சொந்தம். எலும்பும் மரபணுவும் இரண்டு சாட்சிகள். இரண்டும் ஒரே செய்தியைச் சொல்கின்றன.

ஒரு விலங்கு தானாக மாறுமா?

"கால் வேண்டாம்னு திமிங்கலமே விட்டுடுச்சா?" என்று கேட்டார் ஆயா.

இல்லை. எந்த விலங்கும் தன் ஆயுளுக்குள் இப்படி மாறுவதில்லை. ஒரே வயிற்றில் பிறந்த குட்டிகள் கூட ஒன்று போல இருப்பதில்லை. ஒன்றுக்குப் பாதம் சற்றுப் பெரிது. ஒன்றுக்கு வால் சற்று வலிது. தண்ணீரில் இரை தேட வேண்டிய இடத்தில் அந்தச் சிறு வேறுபாடு உதவுகிறது. அப்படிப்பட்ட குட்டி பிழைத்து அதிகக் குட்டிகளைப் போடுகிறது. தன் உடல் அமைப்பைக் குட்டிகளுக்குக் கொடுக்கிறது. ஒரு தலைமுறையில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. பல லட்சம் தலைமுறைகள் சென்றால் பெரிதாகத் தெரியும். இதற்குப் பரிணாமம் என்று பெயர்.

கடலுக்குத் திரும்பிய பாலூட்டி திமிங்கலம் மட்டும் அல்ல. கரடி, கீரி ஆகியவை அடங்கிய ஊன் உண்ணும் விலங்குக் கூட்டத்தில் இருந்து கடல் நாய் என்னும் சீல் வந்தது. யானையின் உறவுக் கூட்டத்தில் இருந்து கடல் பசு வந்தது. அதனை ஆவுளியா என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டின் பாக் விரிகுடாவில் கடல் பசுக்கள் இன்றும் வாழ்கின்றன. அவற்றைக் காக்க, தமிழ்நாடு அரசு 2022இல் 448 சதுர கிலோமீட்டர் கடற்பகுதியைப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

தோண்டுகிறவர் கண்

புதைபடிவங்களைக் கண்டெடுப்பவர்கள் அறிவியலாளர்கள் மட்டும் அல்லர். நிலம் எங்கெல்லாம் வெட்டப்படுகிறதோ, அங்கெல்லாம் அவை வெளிவரலாம். கச்சில் பானந்திரோ என்னும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அங்கே ஒரு பெரும் பாம்பின் முதுகெலும்புகள் கிடைத்தன. சுமார் 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய பாம்பு அது. நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 2024இல் அதற்கு வாசுகி என்று பெயர் சூட்டினார்கள்.

கோலார்ச் சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலைக்கு வெளியூர் போகிறார்கள். கால்வாய், சாலை, கல்குவாரி, நிலக்கரிச் சுரங்கம் என்று நிலத்தை வெட்டும் வேலை எங்கும் நடக்கிறது. அங்கே எலும்பு, பல், கிளிஞ்சல் போன்ற வடிவமுள்ள கல் கண்ணில் பட்டால் செய்ய வேண்டியவை இவை:

1. அதை உடைக்காதீர்கள். பிடுங்கி எடுக்காதீர்கள். கிடக்கும் இடமும் ஒரு சாட்சிதான்.
2. இடத்தின் பெயர், ஆழம், நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். முடிந்தால் படம் பிடியுங்கள்.
3. வேலைத் தலத்தின் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் துறைக்கோ, இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கோ தெரிவியுங்கள்.
4. விற்காதீர்கள். விற்றுப் போன கல்லை யாரும் படிக்க முடியாது.

பேத்தி புத்தகத்தை மூடினாள். ஆயா தாத்தாவின் கல்லை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"இதுல எழுத்தே இல்லன்னு நினைச்சேன். படிக்கத் தெரியாததுதான் குறை" என்றார் ஆயா.

"அடுத்த வாரம் இன்னொரு புத்தகம் எடுத்துட்டு வரேன் ஆயா" என்றாள் பேத்தி. தாத்தா கல்லை வாங்கி, ஒரு தாளில் ஊரின் பெயரையும் சுரங்கத்தின் பெயரையும் எழுதச் சொன்னார். ஆயாதான் எழுதினார். அந்தத் தாளில் கல்லைப் பொதிந்து அலமாரியில் வைத்தார்கள்.

புதிய சொற்கள்

புதைபடிவம் – மண்ணில் புதைந்து கல்லாக மாறிய உயிரின் எச்சம்
பாலூட்டி – குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கும் விலங்கு
பரிணாமம் – பல தலைமுறைகளில் உயிர்களின் உடலமைப்பு மாறி வருவது
நிலவியல் – மண், பாறை, பூமி ஆகியவற்றைப் பற்றிய அறிவு
மரபணு – பெற்றோரின் உடல் அமைப்பைப் பிள்ளைக்குக் கொண்டு செல்லும் பொருள்

பதில் சொல்லுங்கள்

1. கோலார்ச் சுரங்கத்தில் எலும்புப் புதைபடிவம் ஏன் கிடைக்கவில்லை?
2. திமிங்கலம் மீன் அல்ல என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லுங்கள்.
3. ரங்கா ராவின் மனைவி கற்களைக் காத்து வைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?
4. திமிங்கலமும் ஆடும் தூரத்துச் சொந்தம் என்பதை எந்த எலும்பு காட்டியது?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் கிணறு வெட்டியபோது என்னென்ன மண்ணும் கல்லும் வந்தன? வயதில் பெரியவர்களிடம் கேட்டு, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி எழுதுங்கள்.